பச்சை வயர்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

காலை ரேடியோ நெட்டில் இன்றும் அதே பாட்டு. நான் பேசி முடித்ததும் யூசுப், "மாமா, ஹம் உண்டு கேட்டோ. பின்னால ஒரு வண்டு கெடந்து ர்ர்ர்னு கத்துது" என்றான். ஊரிலுள்ள ஹாம் ரேடியோக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் செட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து வாலாம்பாள், என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அவள் மேஜையிலிருந்து நாலே வார்த்தை பேசினாள். உடனே அவன், "ஆஹா, மாமியோட ஆடியோன்னா பட்டாக்கும்!"

பட்டாம் பட்டு. அவள் பேசுவது யாருடைய மைக்கில்? என் பழைய இரும்பு மைக். கழுத்தைக் கையால் பிடித்து அழுத்தினால்தான் பேச்சு போகும், அந்தக் காலத்துச் சரக்கு. போன வருஷம் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணினபோது, பெண்டாட்டியாயிற்றே என்று நான்தான் தூக்கிக் கொடுத்தேன். செட் ஜானவி வாங்கி அனுப்பியது. பெங்களூரில் சம்பாதிக்கிற பெண்ணுக்கு, அவள் பிறக்கும் முன்பிருந்தே இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கித்தரத் தோன்றவில்லை.

ஒரே அறை. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. அவளுக்கு இல்லாத ஹம் எனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

ஆகஸ்ட் 7

இன்று நெட்டில் நான் பேசவில்லை. யாரும் தேடவும் இல்லை.

ஆகஸ்ட் 9

தோசை வார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறாள்.

"ஏன்னா, உங்க செட்டுக்கு ரெண்டு எர்த்தாக்கும். பிளக் வழியா ஆத்து எர்த் ஒண்ணு, கொல்லைல நீங்க அடிச்ச செம்புக் கம்பி ஒண்ணு. ரெண்டும் தனித்தனியா நின்னா நடுவுல கரண்ட் ஓடும், அதான் ஹம். தடியா ஒரு செம்புப் பட்டையை வெச்சு ரெண்டையும் சேர்த்துக் கட்டிடணும்னு என் பரீட்சைப் புஸ்தகத்துல போட்டிருக்கு. இடி விழுந்தாலும் அதான் நல்லதாம்."

புஸ்தகத்தில் போட்டிருக்காம். ரேடியோவுக்குத் தனி எர்த் வேண்டும், கிரைண்டரும் மோட்டாரும் சேர்ந்த அழுக்கு எர்த்தோடு அதைக் கலக்கக் கூடாது என்று ஹாம் கிளப்பில் வருஷா வருஷம் சொல்லிக் கைதட்டு வாங்கினவன் நான். இப்போது போய், என் பெண்டாட்டி சொன்னாள், ரெண்டையும் கட்டிவிட்டேன் என்று யூசுப்பிடம் சொல்வதா?

"நீ தோசையைப் பாரு, தீயறது" என்றேன். தீயவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம். போர்டின் பிளக்கைத் திறந்தேன். மூன்றாவது பின்னுக்குப் போகிற பச்சை வயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி, உள்ளேயே மடக்கி மூடிவிட்டேன். வெளியே பார்த்தால் மூன்று பின்னும் இருக்கும். ஒன்று சும்மா.

ஹம் போயே போச்சு!

ஆத்து எர்த் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? கொல்லையில் என் கம்பி இருக்கிறதே. எர்த் என்றால் எர்த்துதானே.

ஆகஸ்ட் 12

"மாமா, இன்னிக்குக் கண்ணாடி!" என்றான் யூசுப். ஆரியசாலையில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறவன், கிளப் செயலாளர், அவன் வாயால் வந்தது. இரண்டாவது டோஸ் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"என்ன பண்ணினேள்?" என்று கேட்டாள்.

"அனுபவம்" என்றேன்.

அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 26

பொன்முடிக்குப் போன காலேஜ் பஸ் ஒன்று மரம் விழுந்து நடுவழியில் நின்றுவிட்டது. போனுக்கு டவர் இல்லை. பஸ்ஸில் ஒரு பையனிடம் கையடக்க செட் இருந்திருக்கிறது. அவன் கூப்பிட்ட நேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். வாலாம்பாள் எடுத்தாள். ஃபயர் ஸ்டேஷனுக்குச் சொல்லி, பெற்றோர்களுக்குச் சொல்லி, பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்து... இன்று பேப்பரில் படத்தோடு வந்துவிட்டாள். 'ரேடியோ மாமி'. படத்தில் ஓரமாக ஒரு முழங்கை தெரிகிறது. அது நான்.

நான் ஐந்து நிமிஷம் முன்னால் குளித்திருந்தால்?

செப்டம்பர் 12

ஓணத்துக்கு ஜானவிக்கு நேந்திரங்காய் உப்பேரி அனுப்பப் பொட்டலம் கட்டினேன். வாலாம்பாள் எட்டிப் பார்த்து, "நுனியை மடிச்சாச்சா?" என்று கேலி செய்தாள். டேப் நுனியை மடித்து ஒட்டுவது என் வழக்கம், பிறகு உரிக்க நகத்தால் சுரண்ட வேண்டாம் பாருங்கள். "இந்த ஊர்ல வேற யாரும் இப்படிப் பண்ணமாட்டா. ஜானவி அட்ரஸ் பாக்காமயே அப்பா அனுப்பினதுன்னு சொல்லிடுவா."

நன்றாகத்தான் இருந்தது, அந்தச் சாயங்காலம். அப்புறம் யாரோ போன் பண்ணி மாமி இருக்காளா என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

"ஏன்னா, மைக் கடிக்கறது."

பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "பிரமை" என்றேன். "பேப்பர்ல வந்ததுலேர்ந்து உனக்கு எல்லாமே ஜாஸ்தியாத் தெரியறது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

செப்டம்பர் 23

பிரமை இல்லை.

நான் அந்த அறையில் ரப்பர் செருப்பு போட்டிருப்பேன், மொசைக் தரை முழங்காலுக்கு ஆகாது. அவள் குளித்து, ஈரத் தலையில் துண்டோடு, மடிப் புடவையில், வெறுங்காலோடு வந்து உட்காருகிறவள். பக்கத்தில் பூஜை உள். அவள் அடுக்களையில் இருக்கும்போது டெஸ்டரை மைக்கில் வைத்துப் பார்த்தேன். பல்பு மினுங்கியது. மங்கலாக. ஆனால் எரிந்தது.

எங்கிருந்தோ கரண்ட் கசிகிறது. என் பழைய பவர் சப்ளையாக இருக்கலாம், மழைக்காலத்து ஈரம். கொல்லைக் கம்பி அதை இழுத்துக்கொள்ள வேண்டுமே, ஏன் இழுக்கவில்லை? போய்ப் பார்க்கவில்லை. மழை.

"செருப்பு போட்டுண்டு உக்காரேன்" என்றேன்.

"பூஜை உள் பக்கத்துல செருப்பா? சிவ சிவா."

பச்சை வயரை மாட்டினால் தீர்ந்தது. மாட்டினால் ஹம் வரும். யூசுப் வண்டு என்பான். அவள், "செம்புப் பட்டை போடலாம்னு அப்பவே சொன்னேனே" என்பாள். அதுதான்... அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வெறும் மினுங்கல்தானே.

செப்டம்பர் 29, ஞாயிறு

தம்பானூரில் கிளப் கூட்டம். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை வைப்பு அன்று எல்லாரும் செட்டைக் கொண்டுபோய் சரஸ்வதி முன்னால் வைத்துவிடுவோம், காற்றே வெறிச்சோடிக் கிடக்கும். விஜயதசமி காலையில் ஒருவர் முதல் குரல் கொடுத்து, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட்ட பிறகுதான் அந்த வருஷத்துக்கு மற்றவன் வாய் திறக்கலாம். அந்த நாற்காலி பத்து வருஷமாக என்னுடையது.

"இந்த வருஷம் மாமி செய்யட்டும், அல்லே?" என்றான் யூசுப். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

திரும்பும்போது ஆட்டோவில் அவள் மெதுவாக, "வேண்டாம்னு சொல்லிடட்டுமா? உங்களுக்கு மனசுக்கு..." என்றாள்.

"எனக்கென்ன? தாராளமாப் பண்ணு."

அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

அக்டோபர் 8

"நேத்திக்கு முழங்கை வரைக்கும் சுருக்குனு ஏறித்து. கொஞ்சம் பாருங்கோளேன். நீங்க பாத்து சரின்னு சொல்லிட்டா எனக்குப் போறும்."

பார்க்கிறேன் என்றேன். பூஜை வைப்புக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும். கட்டாயம்.

அக்டோபர் 10, வியாழன்

காலை முழுக்கப் பேப்பர் படித்தேன். சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் துடைத்துப் பூஜைக்கு எடுத்துக்கொண்டு போனாள். ரெண்டு செட்டும் பவர் சப்ளையும் மைக்கும், கூடவே என் ஸ்க்ரூட்ரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எக்ஸ்டென்ஷன் போர்டு மட்டும் மேஜைக்கு அடியில் கிடக்கிறது.

ஆயுதம் பூஜையில் இருக்கிறது. எடுக்கக் கூடாது. இனி விஜயதசமி கழிந்துதான் பச்சை வயர்.

மாடியில் குடியிருக்கும் மஹேஷிடம் ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். கேட்கவில்லை.

அக்டோபர் 13

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது.

அக்டோபர் 14

அவள் தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன்.

நேற்று அவள் நெட் நடத்தும்போது அந்த அறையில் இருக்கக் கூடாது என்று கையடக்க செட்டை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போய்விட்டேன். பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட ஒரு கூட்டம். நானும் ஒரு தேங்காய் வாங்கினேன். என்ன வேண்டிக்கொண்டேன்? அவள் தடுமாற வேண்டும் என்று. நாலு பெயர் விட்டுப்போக வேண்டும், ராமசுப்ரமணியன் மாமா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒருத்தனாவது சொல்ல வேண்டும் என்று.

தடுமாறவே இல்லை. சுலோகம் சொல்லி ஆரம்பித்தாள். முதல் பெயராக என்னைத்தான் கூப்பிட்டாள். "எங்க ஆத்து மாமா, எனக்கு இதையெல்லாம் கைல குடுத்தவர், கேட்டுண்டிருப்பார்னு நெனைக்கறேன்." நான் பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

"அடுத்து, நெய்யாற்றின்கரை..."

நின்றுவிட்டது.

பெயர் வரவில்லை. ஆனால் அலை அறுபடாமல் நிற்கிறது. என் செட்டில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, குரல் மட்டும் இல்லை. மற்றவர்கள் மாமி பெயரை மறந்துவிட்டாள், இல்லாவிட்டால் மைக் சிக்கிக்கொண்டது என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். கை மைக்கின் கழுத்தைப் பிடித்திருக்கிறது, விட முடியவில்லை. விட முடியாமல் பிடித்திருக்கிறாள்.

செட்டில் கத்தி என்ன பிரயோஜனம், அவள் அலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே. போனில் மஹேஷைக் கூப்பிட்டேன். "மெயினை இழுடா! மாமியைத் தொடாதே, முதல்ல மெயின்!" என்ன ஏது என்று கேட்காமல் ஓடினான் அந்தப் பையன். அவன் படியில் இறங்குவது போனில் கேட்டது. இந்தக் காதில் போன், அந்தக் காதில் செட். சுற்றிலும் தேங்காய் உடைகிறது. அலை நிற்கிறது, நிற்கிறது, நிற்கிறது.

பிறகு டக்கென்று போயிற்று. மெயினை இழுத்துவிட்டான்.

உடனே யூசுப் குரல், சிரித்துக்கொண்டே, "மாமி, மைக் மாட்டிக்கிச்சா?"

அதற்கு அப்புறம் மஹேஷ் போனில், "மாமா, ஸ்வாசம் உண்டு. மூச்சு இருக்கு" என்று சொல்லும் வரையில்... அதை எழுதப் போவதில்லை.

பூஜைக்காக விடிகாலையிலேயே அறையைத் துடைத்திருக்கிறாள். தரை ஈரம், கால் ஈரம். வலது உள்ளங்கையில் மைக்கின் கழுத்து அளவுக்குக் கறுத்த வளையம். நல்ல வேளை, சீக்கிரம் கரண்டை நிறுத்தினீர்கள் என்றார் டாக்டர். நல்ல வேளையாம்.

அக்டோபர் 16

வீட்டுக்கு வந்துவிட்டோம். மஹேஷ் போர்டின் பிளக்கைத் திறந்துகொண்டு வந்தான். "மாமா, இது கண்டோ? எர்த் வயரை ஆரோ உருவி, டேப் சுத்தி வெச்சிருக்கு."

நான் வாய் திறப்பதற்குள் வாலாம்பாள் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பச்சை வயரின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப் நுனியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"சரிடா மஹேஷ், நீ போய் ரெஸ்ட் எடு. உனக்குத்தான் ரொம்பச் சிரமம்" என்று அவனை அனுப்பினாள்.

அப்புறம் என்னைப் பார்க்காமல், "நுனி மடிச்சிருக்கு" என்றாள்.

"ஹம்முக்காக... கம்பி இருக்கேன்னு... நான் பூஜைக்கு முன்னாடியே மாட்டணும்னுதான்..."

"கடிக்கறதுன்னு சொன்னேன். பிரமைன்னேள்."

அவ்வளவுதான். திட்டினால் தேவலை. அழுதால்கூடத் தேவலை. மோர் சாதம் கேட்டாள், பிசைந்து கொடுத்தேன், ஸ்பூனால் சாப்பிட்டாள்.

அக்டோபர் 17

கொல்லையில் போய்ப் பார்த்தேன். கம்பியோடு வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஆக, எந்த எர்த்தும் இல்லை. ஆத்து எர்த்தை நான் கழற்றினேன், என் எர்த் தானாகக் கழன்றுவிட்டது. என் பழைய பவர் சப்ளை ஈரத்தில் கசிந்த கரண்ட் மொத்தமும் போர்டு வழியாக அவள் மைக்கில் ஏறி, அவள் கைக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆரியசாலைக்குப் போய் யூசுப்பிடம் செம்புப் பட்டை கேட்டேன். அவன் மேல் தட்டிலிருந்து சுருட்டி வைத்த ஒன்றை எடுத்துப் போட்டான்.

"இது மாமி ஆகஸ்டுல நீளம் சொல்லி வெட்டி வெக்கச் சொன்னதாக்கும். மாமாவுக்குத் தோணட்டும், தோணும்போது அவரே வந்து எடுத்துப்பார்னு சொல்லிட்டுப் போச்சு."

கடைக்கு வெளியே வந்து, லாரியில் மூட்டை இறக்குகிற இடத்தில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன?

அக்டோபர் 20, ஞாயிறு

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பச்சை வயரை மாட்டி, புதுக் கம்பி அடித்து, செம்புப் பட்டையால் இரண்டு எர்த்தையும் சேர்த்துக் கட்டியாயிற்று. கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடுகிற ஈஎல்சிபியும் போட்டோம். பழைய பவர் சப்ளை, பழைய இரும்போடு இரும்பாக, ஆக்கர் கடைக்குப் போயிற்று.

செட்டைப் போட்டுப் பார்த்தேன். ஹம் இல்லை. துளிக்கூட இல்லை. அவள் சொன்னதைச் செய்திருந்தால் ஆகஸ்ட் மாதமே போயிருக்கும்.

காலை நெட்டை இனி மாமிதான் நடத்துவாள் என்று கிளப்பில் முடிவாம், அவள் கை ஆறுகிற வரைக்கும் நீங்கள்தான் நடத்த வேண்டும் என்கிறான் யூசுப். கேட்டது கிடைத்துவிட்டது. உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் வந்து கேட்டது ஒன்றுதான், மாமிக்கு எப்படி இருக்கிறது.

ஒருத்தர் மட்டும், "மாமா, ஆடியோ சூப்பர்" என்றார். செட்டை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நடந்ததைக் கேள்விப்பட்டு, எர்த்திங் பற்றி நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று கிளப்பில் ஒரே பிடிவாதம். மாமா அனுபவஸ்தராம். மாட்டேன், அவள் எடுப்பாள் என்றேன். எடுத்தாள். அதே பிளக்கைத் திறந்து காட்டி, "ஒரு ஆத்துல ஹம் போகணும்னு இதைக் கழட்டிட்டா. செட்டு நன்னாத்தான் பேசும், அதான் மோசம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். யார் ஆத்தில் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. யூசுப் மட்டும் ஒரு தடவை என் பக்கம் திரும்பினான்.

பலத்த கைதட்டல். வயிறு எரியவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் எரிந்தது. கைதட்டுவதை மட்டும் நான் கடைசியாகத்தான் நிறுத்தினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கை ஆறிவிட்டது, வளையத் தழும்பு மட்டும் இருக்கிறது. இன்று முதல் நெட் அவளுடையது. விடிகாலையில் எழுந்து எல்லாவற்றையும் நானே ஒரு தடவை சோதித்தேன். மைக், செட், பிளக், கொல்லையில் கம்பி. தரையில் ரப்பர் பாய் விரித்தேன்.

குளித்துவிட்டு, தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் பாத்தாச்சு. நானே பாத்தேன். ஒண்ணுமில்லை" என்றேன்.

"ம்" என்றாள்.

குங்குமச் சிமிழ் பக்கத்திலிருந்து டெஸ்டரை எடுத்தாள். என்னுடையதுதான், பூஜையிலிருந்து அது என் பெட்டிக்குத் திரும்பி வரவில்லை. மைக்கின் கழுத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, பல்பு எரிகிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். எரியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் மைக்கைக் கையில் எடுத்தாள்.